கண்டென்சர் 'கண்டேன் சார்' ஆன கதை: ஃபேன் ரிப்பேர் வீடியோவுக்கு கேப்ஷன் போட்ட அனுபவம்

நான் யூடியூப்ல மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் வீடியோ போடறவன், பெரிய சேனல்லாம் இல்ல. போன வருஷம் சீலிங் ஃபேன் பத்தி ஒண்ணு போட்டேன், மெதுவா சுத்தறது, சுத்தாம வெறும இரையறது, சத்தம் போடறதுன்னு மூணு ஃபால்ட்டையும் சேத்து 14 நிமிஷம், நல்லாவே ஓடுச்சு. இங்கிலீஷ் சப்டைட்டில் வேற போட்டிருந்தேன், ஃப்ரெண்ட் ஒருத்தன் ராத்திரி உக்காந்து மொழிபெயர்த்து குடுத்தான், இனி இந்த வீடியோ யார் பாத்தாலும் புரியும்னு எனக்கு ஒரே பெருமை.

சித்தி பையன் ஒருத்தன் இருக்கான், பொள்ளாச்சில வைண்டிங் கடைல வேல, மோட்டார் காயில் சுத்தறதுல கை சுத்தமான பையன். பொறந்ததுலருந்தே காது கேக்காது. அவன்கிட்டருந்து வாட்ஸாப்ல மெசேஜ்: "அண்ணா வீடியோ பாத்தேன். நீங்க பேசறீங்க கை ஆட்டறீங்க. கீழ இங்கிலீஷ் ஓடுது. எனக்கு தமிழ்தான படிக்க வரும்."

ஒரு நிமிஷம் என்ன பதில் போடறதுன்னே தெரியல. பக்கத்துல இருக்கற இவனுக்கு என் வீடியோ ஊமைப்படமா ஓடிட்டு இருந்திருக்கு, நான் எங்கயோ இருக்கற யாருக்கோ இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கேன்.

அப்பதான் தோண்டிப் பாத்தேன், நாம எல்லாத்தையும் சப்டைட்டில்னு ஒரே பேர்ல கூப்பிடறோம், ஆனா உள்ள ரெண்டு வேற சாமான் இருக்கு. சப்டைட்டில்ங்கறது காது கேக்கும், பாஷைதான் தெரியாதுன்னு நினைச்சு எழுதறது, மலையாளப் படத்துக்கு கீழ ஓடற மாதிரி. கதவு தட்டற சத்தம், யாரு பேசறாங்கங்கறது எல்லாம் பாக்கறவனுக்கே கேட்டுரும்னு விட்டுருவாங்க. கேப்ஷன்ங்கறது காதே கேக்காதுன்னு வச்சு எழுதறது, அதுல பேச்சும் வரணும், விஷயம் சொல்ற சத்தமும் வரணும், யாரு பேசறாங்கன்னும் வரணும். வெப்சைட்ட மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியணும்னு அளவுகோலா வச்சிருக்கற டபிள்யூசிஏஜில 1.2.2ன்னு ஒரு விதி, ரெக்கார்ட் பண்ணின வீடியோவுக்கு கேப்ஷன் வேணும்னு சொல்றது, அது ஏ லெவல்ல, அதாவது அடிப்படைத் தேவைல இருக்கு. லைவுக்கு கேப்ஷன் போடறதுதான் அடுத்த படி, டபுள் ஏ. அப்புறம் குளோஸ்டுன்னா சிசி பட்டன் அமுக்கினா வரும் போகும், ஓப்பன்னா படத்தோடவே ஒட்டிக்கிச்சு, எடுக்க முடியாது.

இத படிக்கறப்ப ஒண்ணு மாட்டுச்சு, சிரிப்பு வந்துருச்சு. அமெரிக்கால நாடு முழுக்க கேப்ஷனோட ஒளிபரப்பான முதல் டிவி நிகழ்ச்சி 1972ல பாஸ்டன் டபிள்யூஜிபிஹெச் ஸ்டேஷன் போட்ட ஜூலியா சைல்டோட சமையல் நிகழ்ச்சி. செய்திகூட இல்ல பாருங்க, செஞ்சு காட்டற நிகழ்ச்சி, நம்ம ஜாதி. அது ஓப்பன் கேப்ஷன். நாம விரும்பினா மட்டும் வர்ற குளோஸ்டு கேப்ஷன் அங்க 1980 மார்ச்லதான் ஆரம்பிச்சது, அதுக்கும் டிவி மேல தனியா ஒரு டப்பா வாங்கி வைக்கணும், 1990ல சட்டம் போட்டு 1993 ஜூலைலருந்து 13 இஞ்சும் அதுக்கு மேலயும் உள்ள டிவியில எல்லாம் உள்ளயே வச்சு விக்கணும்னு ஆக்கினாங்க.

சரி, வேலைக்கு வரேன்.

முதல்ல சோம்பேறித்தனம்தான். பேச்சை எழுத்தாக்கற இலவச மாடல் ஒண்ணுல ஆடியோவ போட்டேன், அரை மணி நேரத்துல தமிழ்ல ஃபைல் வந்துருச்சு, அடடான்னு திறந்து பாத்தா நான் பேசினதா என் தாத்தா பேசினதான்னு தெரியல. ஃபேன் கிளம்பி சுத்த உதவற சின்ன டப்பா, கெப்பாசிட்டர், அத நம்ம பக்கம் யாரும் கெப்பாசிட்டர்னு சொல்றதில்ல, கண்டென்சர்தான். அது வீடியோ முழுக்க "கண்டேன் சார்"னு வந்திருக்கு. "கண்டேன் சார் போயிருச்சு, புது கண்டேன் சார் 2.5 வாங்குங்க." பேரிங் போச்சுங்கறது "பேர் இங்க போச்சு". ஃபேன கழட்டுங்கன்னா பேன் கழட்டறாங்க, தலையில இருக்கற பேன். சிரிச்சு முடிச்சுட்டு பாத்தா அதவிட மோசமா ஒண்ணு, நான் பேசாம ஃபேன மட்டும் ஓட விட்டு சத்தத்த காட்டற இடம் மூணு இருக்கு, அங்க எல்லாம் "வீடியோவை பார்த்ததற்கு நன்றி"னு அதுவா ஒரு வரி எழுதி வச்சிருக்கு. பேச்சு இல்லாத இடத்துல சும்மா இருக்கத் தெரியல அதுக்கு. தப்பா எழுதினா படிக்கறவனுக்கு தப்புன்னு தெரியும், இல்லாதத எழுதினா எப்படி தெரியும்?

அதுலருந்து டைமிங் மட்டும் எடுத்துட்டு எழுத்த முழுசா நானே அடிச்சேன். சப்டைட்டில் எடிட்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம், கீழ சத்தத்தோட அலை தெரியும், எங்க பேச்சு ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு கண்ணால பாத்து இழுத்து விடலாம். 14 நிமிஷத்துக்கு மூணு சாயங்காலம் ஆச்சு. ரெண்டு வரிக்கு மேல போகாதீங்க, ஒரு செகண்டுக்கும் குறைவா வந்து மறையற கேப்ஷன் வேண்டாம், ஏழு செகண்டுக்கு மேல ஒண்ணு நிக்கவும் வேண்டாம், இவ்வளவுதான் நான் வச்சுக்கிட்ட கணக்கு. ஒரு வரிக்கு 42 எழுத்துன்னு எல்லாரும் சொல்றது இங்கிலீஷுக்கு. தமிழுக்கு அது ஒத்துவராது, ஏன்னா கம்ப்யூட்டர் எண்றது வேற நாம எண்றது வேற. "மின்விசிறி" நமக்கு அஞ்செழுத்து, கம்ப்யூட்டருக்கு எழுத்து மேல வர்ற வளைவு, புள்ளி எல்லாம் தனித்தனியா சேத்து பத்து. அதனால சாஃப்ட்வேர் பாதி வரிய "வேகமா ஓடுது"ன்னு சிவப்புல காட்டும், பயந்துட்டு வெட்டித் தள்ளாதீங்க. நான் சிவப்ப மறந்துட்டு அம்மாவ உக்கார வச்சு சவுண்ட் ஆஃப் பண்ணி படிக்கச் சொன்னேன், அம்மா மெதுவா எழுத்துக்கூட்டித்தான் படிக்கும், அம்மா படிச்சு முடிச்சா எல்லாரும் முடிச்சுருவாங்க.

ஃபைல தம்பிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சு மெசேஜ்.

"அண்ணா ஃபேன் ரிப்பேர்ல கப்பக்கிழங்கு எதுக்கு அவிக்கணும்?"

எனக்கு ஒண்ணும் புரியல. எந்த இடம்னு கேட்டேன், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். நான் பேசினது பேசினபடியே "கீழ் கப்ப அவுத்து கீழ வைங்க"ன்னு அடிச்சிருக்கேன், ஃபேனுக்கு அடியில இருக்கற கப், அத கழட்டுங்கன்னு அர்த்தம். சித்தப்பாவுக்கு பாலக்காட்டுப் பக்கம், அவங்க வீட்ல மரவள்ளிக்கிழங்குக்கு கப்பதான். அவுத்துங்கறது இவனுக்கு அவிச்சுன்னு போயிருச்சு. கிண்டல் பாதி, நிஜமாவே குழம்பினது பாதி.

அத வச்சு ரெண்டு நாள் மண்டைய உடைச்சேன். பேசினத அப்படியே எழுதணும், கேப்ஷன் போடறவன் அழகு பண்ணக்கூடாதுங்கறதுதான் பொதுவான பேச்சு, அது நியாயமும்கூட, கேக்கறவனுக்கு ஒண்ணு படிக்கறவனுக்கு ஒண்ணுன்னு இருக்கக்கூடாது. ஆனா தமிழ்ல பேசறது ஒரு பாஷை எழுதறது ஒரு பாஷை. காதால கேட்டு வளந்தவனுக்கு "அவுத்து"ன்னு பாத்ததும் உள்ள ஒரு குரல் படிச்சு காட்டிரும். இவன் தமிழ கத்துக்கிட்டது ஸ்கூல் புஸ்தகத்துலருந்து, கண்ணால, கழற்றி, பொருத்தி, சுழல்கிறது அதெல்லாம் தெரியும், முதல் பாஷை கை சைகைதான். வாட்ஸாப் புண்ணியத்துல இருக்கு, போச்சு, பண்றேன் எல்லாம் பழகிட்டான், அவுத்து, செருகி, நெம்பிங்கறதெல்லாம் அவன் கண்ணுல பட்டதே இல்ல. கடைசில ஒரு நடுவழிக்கு வந்தேன். சும்மா பேசற இடமெல்லாம் என் பேச்சு அப்படியே, ஒரு வேலைய செய்யச் சொல்ற சொல் மட்டும் எழுத்துத் தமிழ்ல: கழற்றுங்கள், இணைக்காதீர்கள், மெயினை அணையுங்கள். படிக்க கொஞ்சம் மாட்டுவண்டில கார் டயர் போட்ட மாதிரி இருக்கும், இருந்துட்டு போகட்டும், கரண்ட் வேலைல ஒரு சொல் தப்பா போறத விட இது தேவல. "கீழ் கப்பை கழற்றி கீழே வைங்க."

இனிமேல்தான் நிஜமான வேல.

முதல் ரவுண்டுல சத்தம் எல்லாம் எழுதணும்னு படிச்சுட்டு எல்லாத்தையும் எழுதித் தள்ளிட்டேன். [காக்கா கத்துது], [பக்கத்து வீட்ல மிக்ஸி], [பைக் போகுது]. தம்பி பாத்துட்டு காக்கா எதுக்கு, ஃபேன்ல கூடு கட்டிருக்கான்னு கேட்டான். எடுத்துட்டேன். வெளியிலருந்து வர்ற சத்தம் ஒண்ணே ஒண்ணு மட்டும் வச்சேன், நடுவுல நான் திடீர்னு சிரிப்பேன், [உள்ளேயிருந்து அம்மா: சோறு ஆறுது, எந்திரிச்சு வா], அது இல்லேன்னா நான் கண்டென்சர பாத்து சிரிக்கற மாதிரி இருக்கும்.

வச்சே ஆகவேண்டிய சத்தம் நாலுதான். சுவிட்ச் போட்டா சுத்தாம இரையறது, பேரிங் சத்தம், இறக்கை லூஸ் ஆகி தட்டறது, அப்புறம் மீட்டர் பீப், அதாவது ஒயர் நடுவுல அறுபடாம லைன் இருக்கான்னு மல்டிமீட்டர் வச்சு பாக்கறப்ப வர்றது. பீப்ப பத்தி கேட்டேன், அவன் மீட்டர்ல பீப் இருக்குங்கறதயே பெருசா எடுத்துக்கறதில்ல, கடைல சீரிஸ் லேம்ப் வச்சுத்தான் பாக்கறான், லைன் இருந்தா பல்பு எரியும், காது வேண்டாம். அதனால அங்க [மீட்டர் பீப் அடிக்குது: லைன் இருக்கு]ன்னு ரெண்டையும் எழுதினேன்.

பேரிங்குக்குத்தான் மாட்டினேன். முதல்ல [கரகர சத்தம்]னு போட்டேன். தமிழ்ல இந்த மாதிரி சொல்லுக்கு பஞ்சமே இல்ல, கரகர, கடகட, சலசலன்னு. வயசாகி காது மங்கின எங்க பெரியப்பாகிட்ட காட்டினேன், கரகரன்னு படிச்சதுமே "பேரிங் போயிருச்சா"ன்னார், அவருக்கு அந்தச் சத்தம் ஞாபகத்துல இருக்கு. தம்பிக்கு கரகரங்கறது தொண்டை மாத்திரை விளம்பரத்துல வர்ற சொல். ஃபேனுக்கும் தொண்டை கட்டுமான்னு கேக்கறான்.

அப்ப காரணத்தயே எழுதிரலாமேன்னு [பேரிங் உராயும் சத்தம்]னு மாத்தினேன். அதுல வேற வம்பு. வீடியோவுல அந்த இடத்துல நான் சத்தத்த மட்டும் போட்டுட்டு "இது என்ன ஃபால்ட்னு யோசிச்சு வைங்க, சொல்றேன்"னு நிறுத்தியிருப்பேன், பத்து செகண்டு கழிச்சுதான் பதில். கேப்ஷன்லயே பேரிங்னு போட்டா கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி விடைத்தாள குடுத்த மாதிரி, போடலேன்னா அவனுக்கு யோசிக்க ஒண்ணுமே இல்ல.

நேர்லயே போலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். கடைல ஸ்டாண்டுல ரெண்டு ஃபேன் மோட்டார் இறக்கை இல்லாம நிக்குது, ஒண்ணுல பேரிங் காலி, இன்னொண்ணுல கண்டென்சர் வீக். எப்படி கண்டுபிடிப்பன்னு கேட்டேன். ஒரு நீள ஸ்க்ரூடிரைவர எடுத்தான். நாமளும் அதுதான் பண்ணுவோம், முனைய பேரிங் கப்புல வச்சு பிடிய காதுல வச்சு கேப்போம். அவன் பிடிய ரெண்டு விரலுக்கு நடுவுல லேசா, பீடி பிடிக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு கண்ண மூடிக்கிட்டான். மூணு செகண்டு. கண்ண திறந்து செல்லுல அடிச்சு காட்டினான்: "மணல்."

என் கையில குடுத்தான், நானும் அதே மாதிரி பிடிச்சேன், இருபது வருஷமா இந்த வேல பாக்கறேன், அன்னைக்குத்தான் காத விட்டுட்டு விரலால கேட்டேன். நிஜமா மணல்தான், செருப்புக்கு அடியில மணல் அரைபடற மாதிரி, சீரா இல்லாம விட்டு விட்டு வருது. அடுத்த மோட்டார்ல வச்சேன், சுத்தாம இரைஞ்சுட்டு இருக்கற மோட்டார், அதுல மணல் இல்ல, ஒரே சீரா ஒரு நடுக்கம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல காந்தம் இழுத்து விடறது செகண்டுக்கு 100 தடவ, சுத்த முடியாம நிக்கற மோட்டார்ல அதுதான் கைக்கு வர்றது. கையால ஒரு சுத்து விட்டான், மெதுவா கிளம்பி ஓடுச்சு, கண்டென்சர் வீக்குங்கறதுக்கு அது நல்ல அடையாளம்.

ராத்திரி திரும்பி வந்து இப்படி மாத்தினேன் (மேல இருக்கறது கேப்ஷன் நம்பரும், அது வந்து மறையற நேரமும்):

81
00:08:41,200 --> 00:08:45,900
[கரகர சத்தம். மோட்டாரில் கை வைத்தால்
மணல் அரைபடுவது போல் இருக்கும்]

பெரியப்பாவுக்கு முதல் சொல், தம்பிக்கு மீதி, விடையும் வெளிய வரல. கேக்கற ஆளுங்களுக்கும் இது பிடிச்சிருக்குங்கறது எதிர்பாக்காத ஒண்ணு, பஸ்ல சவுண்ட் இல்லாம பாக்கற பசங்க நிறைய பேர் இருக்காங்க.

வீடியோவுல ஒரு தப்பு மிச்சம் இருந்துச்சு, அத கேப்ஷன் வச்சு சரி பண்ண முடியாது. தம்பி பக்கத்துல உக்காந்து பாக்கறப்ப அவன் கண்ண கவனிச்சேன், கேப்ஷனுக்கு போகுது, கைக்கு வருது, மறுபடி கேப்ஷன், அதுக்குள்ள நான் ஒயர மாத்தி முடிச்சுட்டேன், அவன் பின்னாடி இழுத்து மறுபடி பாக்கறான். கேக்கறவன் கண்ணால கைய பாத்துட்டே காதால கேப்பான், இவனுக்கு ரெண்டு வேலையும் கண்ணுக்கே. அதனால கண்டென்சர் ஒயர் மாத்தற இடத்துல ஏழு எடத்துல ரெண்டு மூணு செகண்டு படத்த நிறுத்தி வச்சேன், எழுத்த படிச்சு முடிச்சப்புறம் கை நகரும். இன்னொன்னு, ஒயர் கீழ் ஓரத்துல இருந்தா கேப்ஷன் அதயே மூடிரும். எஸ்ஆர்டி, வெப்விடிடிங்கறதெல்லாம் கேப்ஷன் ஃபைல் வகை, அதுல வெப்விடிடி ஃபைல்ல வரிய மேல தூக்கற வசதி இருக்கு, ஆனா ப்ளேயர் அத மதிக்கணும், சாதா எஸ்ஆர்டில அதுவும் முறையா கிடையாது. நான் அந்த ஷாட்ட மட்டும் கொஞ்சம் மேல ஏத்தி கீழ காலி இடம் விட்டுட்டேன்.

ஆனா பாருங்க, படத்த நிறுத்தி வச்சதுல மொத்தம் 18 செகண்டு கூடிருச்சு, முதல் நிறுத்தத்துக்கு அப்புறம் உள்ள கேப்ஷன் எல்லாம் முன்னாடியே வந்து நிக்குது, போகப்போக இன்னும் முன்னாடி. ஏழு எடத்துலயும் அதுக்கு கீழ உள்ளத எல்லாம் செலக்ட் பண்ணி தள்ளித் தள்ளி சரி பண்ணினேன், ஒரு முழு சாயங்காலம் காலி. எடிட் முழுசா முடியற வரைக்கும் கேப்ஷன் டைமிங்ல கை வைக்காதீங்க. ஒரே அளவு தள்ளி நின்னா எங்கயோ வெட்டிருக்கீங்க, எங்கயும் வெட்டாம, நிறுத்தாம இருந்தும் போகப்போக சீரா கூடிட்டே போனா ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை படங்கற கணக்கு, அதுல வம்பு, 25க்கு எழுதினத 23.976ல போட்டா ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் விலகிரும்.

ஃபைல் சேவ் பண்றதுல ரெண்டு அடி வாங்கினேன், சுருக்கமா சொல்றேன். பழைய லேப்டாப்ல சும்மா சேவ் பண்ணினதுல தமிழ் முழுக்க கேள்விக்குறியா ஆயிருச்சு, தமிழ் எழுத்தயும் தாங்கற யூடிஎஃப்-8னு ஒரு முறை இருக்கு, அத தேர்ந்தெடுத்து சேவ் பண்ணணும், ஒருதடவ கேள்விக்குறி ஆனா திரும்ப வராது. அப்புறம் எஸ்ஆர்டில செகண்டுக்கும் மில்லி செகண்டுக்கும் நடுவுல கமா, வெப்விடிடில புள்ளி. நான் கையால திருத்தறப்ப புள்ளி வச்சுட்டேன், ஒரு ப்ளேயர் பேசாம விட்டுச்சு, இன்னொண்ணு அந்த வரிய காட்டவே இல்ல.

தம்பியோட ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கு கண்டென்சர் மாத்தற ஒன்றரை நிமிஷத்த மட்டும் தனியா கேட்டான், வாட்ஸாப்ல சிசி பட்டன் கிடையாது, அதனால படத்தோடயே ஒட்டி ஓப்பன் கேப்ஷனா குடுக்கணும். செல்லுல எடிட் பண்ற ஆப்ல முதல்ல பண்ணினேன், கொ, கெ எல்லாம் பிரிஞ்சு கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்குது, "கொடுக்க"ங்கறது படிக்கவே முடியல. தமிழ் எழுத்த சேத்து கோக்கத் தெரியாத ஆப்ல இப்படித்தான் வரும், ஃபான்ட் மாத்தியும் பிரயோஜனம் இல்ல. கடைசில கம்ப்யூட்டர்ல எஃப்எஃப்எம்பெக்னு ஒரு வீடியோ சாஃப்ட்வேர் வச்சு நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்ல ஒட்டினேன், கொம்பு ஒழுங்கா வந்துச்சு. பின்னாடி கறுப்புப் பட்டை வச்சேன், வெள்ளைச் சுவத்துல வெள்ளை எழுத்து தெரியாது.

குரூப்ல போட்டான். மறுநாள் ஒரே ஒரு திருத்தம் வந்துச்சு. சுத்தாம நிக்கற மோட்டாருக்கு நான் [சீரான அதிர்வு]ன்னு எழுதியிருந்தேன். அவங்க நாலஞ்சு பேர் கூடிப் பேசி முடிவு பண்ணினாங்களாம்.

"அண்ணா அதிர்வு வேண்டாம். எறும்பு ஊர்ற மாதிரின்னு போடுங்க. மணலும் எறும்பும். வித்தியாசம் அப்பதான் தெரியும்."

மாத்திட்டேன். 52ஆவது கேப்ஷன், போய் பாருங்க.